தன்னம்பிக்கைக்குப் பத்துக்கு எத்தனை

எங்கள் தலைமை ஆசிரியை மிஸ் பென்டன் ஆறு மாத லீவில் சீமைக்குப் போய்த் திரும்பியபோது, மற்றத் துரைசானிகளைப் போல பிஸ்கற் டின்னும் கம்பளிச் சட்டையும் மட்டும் கொண்டுவந்திருந்தால் எங்களுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவர் ஒரு யோசனையையும் கொண்டுவந்துவிட்டார். அங்கே ஏதோ ஒரு பள்ளிக்கூடத்தில் மேல்வகுப்புப் பிள்ளை ஒவ்வொருத்தியும் கீழ்வகுப்புப் பிள்ளை ஒருத்தியைப் பொறுப்பெடுத்து அவளுக்குத் தன்னம்பிக்கை ஊட்டுகிறாளாம். குழந்தைக்குக் கஞ்சி ஊட்டுவதைப் போல இதுவும் நடந்துவிடும் என்று மிஸ் நினைத்திருந்தார். கண்டி வாவிக்கு மேலே மலைச்சரிவில் இருந்த எங்கள் பெண்கள் பள்ளிக்கூடத்தில், 1933 தை மாதம் பாடசாலை தொடங்கிய முதல் நாளே ‘அக்கா தங்கை ஏற்பாடு’ அமுலுக்கு வந்தது.

அக்காமாருக்கு ஆளுக்கொரு நீலக் கொப்பி கிடைத்தது. தங்கை நிமிர்ந்து நடக்கிறாளா, உரத்துப் பேசுகிறாளா, பெரியவர்கள் கேட்டால் பதில் சொல்கிறாளா என்று பார்த்து, சனிக்கிழமைதோறும் அவளுடைய தன்னம்பிக்கைக்குப் பத்துக்கு எத்தனை என்று அதில் எழுதிக் கொடுக்க வேண்டும். காய்ச்சலை அளக்கவாவது ஒரு கண்ணாடிக் குழாய் உண்டு. இதை எதைக் கொண்டு அளப்பது என்று கேட்க எங்களில் ஒருத்திக்கும் தன்னம்பிக்கை இருக்கவில்லை. கட்டுகஸ்தோட்டைக் கடைக்காரர் மகள் கைரியா மட்டும், தனக்கு வீட்டிலேயே ஐந்து தங்கைமார் இருக்கிறார்கள், ஆறாவது வேண்டாம் என்று சொல்லித் தப்பிக்கொண்டாள்.

இரண்டு கிழமைக்குள் ஏற்பாடு நன்றாக வேலை செய்யத் தொடங்கியது. அக்காமாரின் கட்டில்களைத் தங்கைமார் விரித்தார்கள், சப்பாத்தைத் துடைத்தார்கள், தலைக்கு எண்ணெய் வைத்துவிட்டார்கள். சனிக்கிழமை வந்ததும் அக்காமார் ஆறு, ஏழு என்று தாராளமாக எழுதினார்கள். மிஸ் பென்டன் அதைக் கூட்டிப் பார்த்து, பள்ளிக்கூடத்தின் தன்னம்பிக்கை ஒரு மாதத்தில் இவ்வளவு உயர்ந்திருக்கிறது என்று சீமைக்குக் கடிதம் எழுதினார்.

நான் மட்டும் யோக்கியமாக இருந்தேன் என்று சொல்ல வரவில்லை. என் பெயர் தங்கரத்தினம். அப்பா வீரசிங்கம் கடுகண்ணாவையில் ஸ்டேசன் மாஸ்டர். யாழ்ப்பாணத்தை விட்டு வந்து பத்து வருடமாகியும் எங்கள் வீட்டில் பெருமை ஒரு பிடி குறையவில்லை. எனக்கு அப்போது பதினாறு வயது. போர்டிங்கில் மொனிட்டர். மார்கழியில் ஜூனியர் கேம்பிரிட்ஜ் பரீட்சை எழுத இருந்தேன். தன்னம்பிக்கை என்னிடம் தேவைக்கு மேலேயே இருந்தது. அதை யாருக்கும் பங்குபோடும் எண்ணம் எனக்குத் துளியும் இல்லை.

எனக்குக் கிடைத்த தங்கை நல்லம்மா. புசல்லாவைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்திலிருந்து அவளை எங்கள் மிஷன் பாதிரியார் கூட்டிக்கொண்டு வந்தார். பத்து வயது. தகப்பன் கறுப்பையா தோட்டத்தில் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிறவர். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தைப் பார்க்கப் போன பாதிரியார், சிலேட்டில் இவள் கணக்குப் போடும் வேகத்தைக் கண்டு அசந்துபோய், தோட்டத்துத் துரையிடம் பேசி ஒரு வருடப் போர்டிங் செலவுக்குச் சம்மதம் வாங்கியிருந்தார். துரை ஒரு நிபந்தனை போட்டார். கார்த்திகை மாதம் அவரே வந்து பார்ப்பார். அதற்குள் பிள்ளை அவருக்கு முன்னால் நின்று வாயைத் திறந்து இங்கிலீஷில் பேச வேண்டும். பேசினால் மேலும் நான்கு வருடம் படிக்கலாம். பேசாவிட்டால் தோட்டத்துக்குத் திரும்பிப் போய்க் கூடையைத் தூக்க வேண்டியதுதான்.

“இவளை உன்னிடம் ஒப்படைக்கிறேன்,” என்றார் மிஸ் பென்டன். “உன்னிடம் இருக்கும் துணிச்சலில் பாதி இவளுக்கு வந்தால் போதும்.”

பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை. முகத்தில் அதைக் காட்டாமல் நல்லம்மாவின் தகரப் பெட்டியை அவளையே தூக்கச் சொல்லிவிட்டு முன்னால் நடந்தேன்.

அவள் பேசவே மாட்டாள். எழுதச் சொன்னால் எழுதுவாள், அதுவும் பிழையில்லாமல். மூன்று மாதத்தில் அவளுடைய இங்கிலீஷ் கொப்பி அவளுக்கு மேல்வகுப்புப் பிள்ளைகளின் கொப்பியைவிடத் துப்புரவாக இருந்தது. வாயைத் திறக்கச் சொன்னால் கையைக் கட்டிக்கொண்டு தலையைக் குனிந்துவிடுவாள். அதைவிட மோசம் ஒன்று இருந்தது. வகுப்புகளுக்கு நடுவே போன நடைபாதையின் ஓரமாக மழைத்தண்ணீர் ஓடும் கான் ஒன்று உண்டு. மிஸ் பென்டன் அந்தப் பாதையில் வந்தால் போதும், நல்லம்மா சட்டென்று கானுக்குள் இறங்கி நின்றுவிடுவாள். முதல் நாள் முழங்கால் வரை சேறு. பார்த்த பிள்ளைகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு மொனிட்டர் என்ற முறையில் அவர்களை அதட்டினேன்.

மிஸ் அவளிடம் எதைக் கேட்டாலும் அவள் என் முகத்தைப் பார்ப்பாள். நான் பதில் சொல்லிவிடுவேன். “இன்றைக்கு என்ன படித்தாய்?” என்று மிஸ் கேட்டால், “நதிகளைப் பற்றிப் படித்தாள் மிஸ்,” என்பேன். “சாப்பாடு பிடிக்கிறதா?” “மிகவும் பிடிக்கிறதாம் மிஸ்.” மிஸ் பென்டனுக்கும் அது வசதியாக இருந்தது. பதில் எந்த வாயிலிருந்து வந்தாலும் பதில்தானே. தை மாதம் தன்னம்பிக்கைக்கு இரண்டு போட்டவள், பங்குனியில் ஐந்து போட்டேன், வைகாசியில் ஏழு போட்டேன். உண்மையில் அவள் ஒரு சொல்லும் கூடுதலாகப் பேசவில்லை.

ஆனால் காலையில் நான் கண் விழிக்கும்போது முகம் கழுவ வாளியில் தண்ணீர் இருக்கும். என் உடுப்புகள் துவைத்து மடித்து இருக்கும். மற்ற அக்காமார் தங்கைமாரை அதட்டி மிரட்டிச் செய்வித்த வேலைகளை இவள் கேட்காமலே செய்தாள். என் தங்கைக்கு என்மேல் எவ்வளவு பாசம் என்று மற்றவர்களிடம் பீற்றிக்கொண்டேன். அவர்கள் பொறாமைப்பட்டார்கள், அதுவும் எனக்குப் பிடித்திருந்தது.

ஆனி மாதத்தில் பாதிரியார் வந்தபோது என் மானம் போனது. விறாந்தையில் அவர் நல்லம்மாவின் தோளில் கை வைத்து, “உன் பெயர் என்ன?” என்று இங்கிலீஷில் கேட்டார். பெயர் அவருக்குத் தெரியும். குரலைக் கேட்கத்தான் கேட்டார். அவள் என்னைப் பார்த்தாள். “நல்லம்மா, சேர்,” என்றேன் நான். பாதிரியாரின் முகம் மாறியது. பெயரைக்கூடச் சொல்லாவிட்டால் துரைக்குத் தான் என்ன சொல்வது என்று மிஸ் பென்டனிடம் கேட்டுவிட்டுப் போனார். மிஸ் பென்டன் நீலக் கொப்பியில் இருந்த ஏழு என்ற மார்க்கைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

அன்று பின்னேரம் கிணற்றடியில் அவளைப் பிடித்தேன். நான் கோபக்காரி. அன்றைக்கு எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை.

“உனக்கு வாய் இல்லையோ?” என்று கேட்டேன். “பாதிரியார் பேர் கேட்டால் என்ரை முகத்தை ஏன் பாக்கிறாய்?”

“தொரைமாருகிட்ட நாங்க நேரா பேசப்படாதுங்க அக்கா.”

“ஆர் உனக்கு அப்பிடிச் சொன்னது?”

“யாரும் சொல்லலீங்க. அப்படித்தாங்க. தொரை வந்தா கான்ல எறங்கி நிக்கணும். அவரு கேட்டாக்கூட கங்காணிதான் பதில் சொல்லணும். எங்கப்பாவுக்குக் காய்ச்சல்னாலும் கங்காணிதான் தொரைகிட்ட சொல்லுவாரு.”

“இது தோட்டம் இல்லை. இங்கை கங்காணி ஒருதரும் இல்லை.”

அவள் முதன்முறையாகத் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள். நான் ஏதோ விளையாட்டுக்குப் பேசுகிறேன் என்று நினைத்திருப்பாள்.

“நீங்க இருக்கீங்களேக்கா,” என்றாள்.

ஸ்டேசன் மாஸ்டர் வீரசிங்கத்தின் மகளைப் பார்த்துக் கங்காணி என்கிறாளே என்றுதான் முதலில் எனக்குச் சுருக்கென்றது. கன்னத்தில் அறையக் கையைக்கூடத் தூக்கினேன். அவள் விலகவில்லை. கங்காணி அடித்தால் விலகக் கூடாது என்பதும் அவளுக்குத் தெரிந்திருக்கும். கையைக் கீழே போட்டேன். வாளித் தண்ணீரும் துவைத்த உடுப்பும் அப்போதுதான் எனக்கு விளங்கின. கங்காணி வீட்டுக்குச் செய்வதைத்தான் அவள் எனக்குச் செய்திருக்கிறாள். பாசம் என்று நான் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். எனக்கு வெட்கமாக இருந்தது, நிஜமான வெட்கம். அதற்கு முன்னால் அப்படி ஒன்றை நான் அறிந்ததில்லை.

அடுத்த நாள் முதல் வேலையைப் புதிதாகத் தொடங்கினேன். இங்கிலீஷ் அவளுக்கு வேண்டிய அளவு இருந்தது. ‘மாட்டேன்’ என்ற ஒரு சொல்தான் அவளிடம் இல்லை. அதைச் சொல்லிக் கொடுப்பது என்று தீர்மானித்தேன்.

“இனி எனக்குத் தண்ணி கொண்டுவரக் கூடாது,” என்றேன்.

“சரிங்க அக்கா.”

மறுநாள் காலையிலும் வாளி நிறையத் தண்ணீர் இருந்தது.

“உன்னைக் கொண்டுவர வேண்டாமெண்டு சொன்னனான்.”

“நேத்தே மொண்டு வச்சிட்டேங்க.”

“நான் கேட்டால் மாட்டன் எண்டு சொல்லவேணும். எங்கை, சொல்லு பாப்பம்.”

“அக்கா சொல்லச் சொன்னா சொல்றேன்.”

கீழ்ப்படியாமல் இருக்கும்படி ஒருத்திக்குக் கட்டளை போட்டுப் பாருங்கள், என் பாடு தெரியும். இதையெல்லாம் நீலக் கொப்பியில் எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று மிஸ் பென்டன் சொல்லித் தரவில்லை.

சனிக்கிழமை பின்னேரங்களில் போர்டிங் பிள்ளைகளை இரண்டிரண்டு பேராக வாவியைச் சுற்றி நடத்திக் கூட்டிப்போவார்கள். நான் கறுப்புக் குடை ஒன்றை எடுத்துக்கொண்டு, எதிரே துரை நடை நடந்து வருவேன். நல்லம்மா பாதையை விட்டு இறங்காமல் என்னைக் கடந்து போக வேண்டும். முதல் முறை வாவிக்கட்டு வரையில் ஒதுங்கினாள். இன்னும் ஓர் அடி எடுத்திருந்தால் தண்ணீருக்குள் போயிருப்பாள். மற்றப் பிள்ளைகள் எங்களுக்குப் பைத்தியம் என்றார்கள். வாரத்துக்கு வாரம் அவள் கால் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்த தூரம் ஒதுங்கியது. பதினோராவது சனிக்கிழமை அவள் அசையவில்லை. குடையோடு நான்தான் விலக வேண்டியிருந்தது. அவள் நின்று திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். ஒன்பது மாதமாக ஒரே அறையில் இருந்தும் அவளுக்கு முன்பல் ஒன்று உடைந்திருப்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

அதற்கடுத்த கிழமை எனக்குத் தலையிடி. படுத்தபடியே, “நல்லம்மா, கொஞ்சம் தண்ணி கொண்டா,” என்றேன். பழக்கதோஷம்.

“நாளைக்கு எனக்கு பூகோளப் பரீச்சைங்க அக்கா,” என்றாள், புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமல். “நீங்களே எடுத்துக்கங்க.”

நான் எழுந்துபோய் எடுத்தேன். நாள் முழுக்க எரிச்சலாக இருந்தது. நன்றிகெட்டவள் என்று மனதுக்குள் திட்டினேன். சாயங்காலம்தான் எதற்காக இவ்வளவு பாடுபட்டோம் என்பது நினைவுக்கு வந்து, கொப்பியை எடுத்து ஒன்பது என்று எழுதினேன். அவள் பக்கத்தில் வந்து எட்டிப் பார்த்தாள்.

“அது எனக்குங்களா?”

“ஓம்.”

“ஒம்போது கூடங்க அக்கா. உங்ககிட்டத்தான் பேசுறேன், மிஸ்கிட்ட இன்னும் பேசல. அஞ்சு போடுங்க.”

ஐந்து என்று திருத்தினேன். இருநூறு பிள்ளைகள் படித்த அந்தப் பள்ளிக்கூடத்தில், அந்த வருடம் முழுவதும் கொடுக்கப்பட்ட மார்க்குகளில் உண்மையான மார்க் அது ஒன்றுதான். அடுத்த மாதத்தில் அவள் மிஸ்ஸிடமும் பேசினாள். முதலில் ஒரு சொல், பிறகு ஒரு வசனம், பிறகு மிஸ் தவறாகச் சொன்ன ஒரு கூட்டலைத் திருத்தினாள். மிஸ் பென்டன் புளகாங்கிதப்பட்டுப் போனார். எல்லாம் தன்னுடைய யோசனை செய்த வேலை என்று ஆசிரியைமாரிடம் சொல்லிக்கொண்டார்.

கார்த்திகை வந்தது, துரையும் வந்தார். சிவந்த, பருத்த, நல்ல மனதுக்காரர். நல்ல மனதுக்காரர் என்று நான் ஏளனத்துக்குச் சொல்லவில்லை. கைநிறைய இனிப்புக் கொண்டுவந்திருந்தார். பாதிரியாரும் மிஸ் பென்டனும் அவருக்கு இரண்டு பக்கத்திலும் கதிரையில் உட்கார்ந்தார்கள். அக்கா என்ற முறையில் நான் சுவரோரம் நின்றேன். நல்லம்மா நேராக நடந்து வந்து அவருக்கு முன்னால் நின்று குட்மோர்னிங் சொன்னாள். என் பக்கம் பார்க்கவில்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை. பெற்றவளுக்குக்கூட அப்படி இருக்குமா தெரியாது.

துரை பெயர் கேட்டார், சொன்னாள். கணக்குக் கேட்டார், அவர் கேட்டு முடிக்குமுன் சொன்னாள். ஒரு பாட்டுச் சொல்லச் சொன்னார், சொன்னாள். துரை தொடையில் தட்டிச் சிரித்தார். நான்கு வருடம் கைக்கு வந்துவிட்டது என்று நினைத்தேன். அந்த இடத்தில் அவர் எழுந்து போயிருக்கலாம். சந்தோசம் தாங்காமல் இன்னும் ஒரு கேள்வி கேட்டார்.

“சரி, கெட்டிக்காரி. உனக்கு என்னிடம் ஏதாவது வேண்டுமா?”

பொம்மை வேண்டும் என்பாள், அல்லது ஒன்றும் வேண்டாம், நன்றி என்பாள் என்று எதிர்பார்த்திருப்பார். நல்லம்மா கொஞ்சம் யோசித்தாள். பிறகு தெளிவான இங்கிலீஷில் சொன்னாள்.

“வேண்டும், சேர். எங்கள் தோட்டத்து வாத்தியாரைக் காலையில் கொழுந்து நிறுக்கக் கூப்பிட வேண்டாம். அவர் நிறுத்து முடித்து வரும்போது பதினொரு மணியாகிவிடுகிறது. பன்னிரண்டுக்குப் பள்ளிக்கூடம் விடுகிறது. சின்னப் பிள்ளைகளுக்குப் படிக்க நேரம் இல்லை.”

கேட்டதில் ஒரு தவறும் இல்லை. ஆனால் பள்ளிக்கூடம் தினமும் நான்கு மணித்தியாலம் நடக்கிறது என்று கையெழுத்து வைத்துத்தான் துரை அரசாங்கத்திடம் உதவிப்பணம் எடுத்துக்கொண்டிருந்தார். பாதிரியார் மெதுவாகத் திரும்பித் துரையைப் பார்த்தார். துரை சிரித்தார், ஆனால் தொடையில் தட்டவில்லை. பிள்ளைக்குக் கற்பனை அதிகம் என்றார். இனிப்பைக் கொடுக்க மறந்து கையோடு கொண்டுபோய்விட்டார்.

மூன்றாம் நாள் கடிதம் வந்தது. பிள்ளைக்குத் துணிச்சல் வரட்டும் என்றுதான் அனுப்பினேன், துடுக்குத்தனம் கற்க அனுப்பவில்லை என்று துரை எழுதியிருந்தார். தான் சொன்னது பொய் என்று அவள் கைப்பட எழுதி மன்னிப்புக் கேட்டால் நான்கு வருடமும் தருவார். இல்லாவிட்டால் வருட முடிவோடு சரி. மிஸ் பென்டன் கடிதத்தை என்னிடம் காட்டி, “நீ சொன்னால் கேட்பாள். எழுதி வாங்கிக்கொண்டு வா,” என்றார். கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துவிட்டு, “எப்படியாவது,” என்றும் சொன்னார்.

நல்லம்மாவைக் கட்டிலில் இருத்தி எல்லாவற்றையும் சொன்னேன். கொழுந்துக் கூடையைப் பற்றியும் சொன்னேன்.

“கோவப்படுத்தினதுக்கு மன்னிப்புக் கேட்டு எழுதுறேங்க,” என்றாள். “பொய்யின்னு எழுத மாட்டேன்.”

“ஒரு சொல்லுத்தானேடி.”

“பாதிரியார் அதைப் பாத்து நம்பிருவாருங்க. அப்புறம் வாத்தியாரு கொழுந்துதான் நிறுத்துக்கிட்டு இருப்பாரு. எந் தம்பி அங்கதான் படிக்கிறான்.”

“நீ போயிட்டால் எனக்கு ஆரடி இருக்கினம்?”

அதைச் சொல்லுவேன் என்று நானே எதிர்பார்க்கவில்லை. பெரிய மொனிட்டர், கேம்பிரிட்ஜ் எழுதப் போகிறவள், பத்து வயதுப் பிள்ளைக்கு முன்னால் அழுதேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கண்ணும் நிறைந்துவிட்டது. ஆனால் பேனையைத் தொடவில்லை. மாட்டேன் என்று சொல்லக் கற்றுக்கொடுத்தது நான்தானே, யாரை நோவது.

ஆகவே நானே எழுதினேன். அவளுடைய கொப்பிகளை வருடம் முழுக்கத் திருத்தியவளுக்கு அவளுடைய கையெழுத்து வராமல் போகுமா. ‘நான் சொன்னது உண்மையல்ல. என்னை மன்னித்துவிடுங்கள்’ என்று அந்த அழகான, சாய்ந்த, பிள்ளை எழுத்தில் எழுதி, அவளுடைய பெயரைக் கீழே போட்டு மிஸ் பென்டனிடம் கொடுத்தேன். அவளைக் காப்பாற்றத்தான் செய்கிறேன் என்று என்னிடமே சொல்லிக்கொண்டேன். அவளுக்காக அவளுடைய வாயை நான் மறுபடியும் எடுத்துக்கொண்டேன் என்பது தெரியாத அளவுக்கு நான் முட்டாள் இல்லை. தெரிந்துதான் செய்தேன்.

துரைக்கு மனம் குளிர்ந்தது. நான்கு வருடமும் உறுதியாயிற்று. காரியம் அதோடு முடிந்திருக்கும், மிஸ் பென்டனுக்கு வாய் சும்மா இருந்திருந்தால். பாதிரியார் வந்திருந்த திங்கட்கிழமைக் காலைக் கூட்டத்தில் அவர் மேடையில் ஏறி, ஓர் அக்காவின் அன்பு ஒரு தங்கையை எப்படித் திருத்துகிறது என்பதற்கு அத்தாட்சி என்று சொல்லி, அந்தக் கடிதத்தின் பிரதியை எல்லோருக்கும் முன்னால் வாசித்தார்.

வாசித்து முடிக்குமுன் முதல் வரிசையில் நல்லம்மா எழுந்தாள்.

“மிஸ், அது நான் எழுதியதில்லை,” என்றாள் இங்கிலீஷில்.

“உட்கார், நல்லம்மா.”

அவள் உட்காரவில்லை. “நான் தோட்டத்தைப் பற்றிச் சொன்னது உண்மை. இதை நான் எழுதவில்லை.”

பாதிரியார் முன்னால் வந்தார். அவர் கடுமையாகப் பேசவில்லை. “பிள்ளை, நீ எழுதவில்லை என்றால் வேறு யாரோ எழுதியிருக்க வேண்டும். அது யார் என்று தெரிந்தால் உன் பக்கம் நின்று பேச எனக்கு வழி இருக்கிறது. வேறு இடத்தில் பணம் தேடலாம். தெரியாவிட்டால், எழுதிக் கொடுத்துவிட்டு மறுக்கிறாய் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். யார் எழுதியது?”

“எனக்குத் தெரியும், சேர். அதை எழுதியவர்தான் சொல்ல வேண்டும்.”

அவள் திரும்பி என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் எனக்குக் கொஞ்சம் சுகமாக இருந்திருக்கும். காட்டிக் கொடுக்கிறாள் என்று அவள்மேல் கோபப்பட்டிருக்கலாம். பாதிரியார் மண்டபத்தைப் பார்த்துக் காத்திருந்தார். நான் மொனிட்டர் கதிரையில் இருந்தேன். எழும்ப வேண்டும், ‘நான்தான்’ என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான். கள்ளக் கையெழுத்துப் போட்டவளைப் பள்ளிக்கூடத்தை விட்டுத் துரத்துவார்கள். பரீட்சைக்கு இன்னும் இரண்டு கிழமை. அப்பாவின் முகம் நினைவுக்கு வந்தது. நான் பயந்தேன். என் முழங்கால் எனக்குக் கட்டுப்படவில்லை என்று சொல்லிப் பார்க்கலாம், ஆனால் அது பொய். முழங்கால் நன்றாகத்தான் இருந்தது. நான் எழும்பவில்லை.

பாதிரியார் இரண்டு நிமிடம் போல நின்றிருப்பார். பிறகு மிஸ் பென்டன் பாட்டுப் புத்தகத்தைத் திறக்கச் சொன்னார், நாங்கள் எல்லோரும் பாடினோம்.

செய்தி துரைக்கு எட்டி அவர் பணத்தை நிறுத்திவிட, வெள்ளிக்கிழமை கறுப்பையா மகளைக் கூட்டிப்போக வந்தார். மெலிந்த மனிதர், தலைப்பாகையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றார். உள்ளே வந்து இருங்கள் என்று நல்லம்மா அவரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் விறாந்தைக் கதிரையில் உட்கார வைத்தாள். அவர் அதன் நுனியில் இருந்தார். தகரப் பெட்டியை நான் பஸ் வரை தூக்கிக்கொண்டு போனேன். வழி நெடுக என்ன சொல்வது என்று யோசித்தேன். அவள் என்னைத் திட்டினால் நன்றாக இருக்கும் என்று ஏங்கினேன்.

“பரீச்சைய நல்லா எழுதுங்க அக்கா,” என்றாள் பஸ்ஸில் ஏறிக்கொண்டு. குத்தலாகச் சொல்லவில்லை. அவளுக்குக் குத்தலாகப் பேச வராது, அதை நான் கற்றுக்கொடுக்கவில்லை.

பரீட்சை எழுதினேன், சித்தியடைந்தேன். பெறுபேறு வந்த நாள் மிஸ் பென்டனின் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திவிட்டு, “அந்தக் கடிதத்தை நான்தான் எழுதினேன், மிஸ்,” என்றேன். அந்த ஒரு வசனத்துக்கு எனக்கு நான்கு மாதம் பிடித்திருந்தது. துரத்தட்டும், அடிக்கட்டும், எதற்கும் தயாராகத்தான் போயிருந்தேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“தெரியும்,” என்றார். “நீ கொண்டுவந்து தந்த அன்றைக்கே தெரியும். அவள் எழுத மாட்டாள் என்றும் தெரியும். பாவம், கெட்டிக்காரப் பிள்ளை. ஆனால் நீ அன்று எழும்பாமல் இருந்தது புத்தியான காரியம். பள்ளிக்கூடத்தின் பெயர் தப்பியது.”

அவர் மேசை லாச்சியைத் திறந்து ஒரு புதிய நீலக் கொப்பியை எடுத்து என் பக்கம் தள்ளினார்.

“தெல்தெனியவிலிருந்து ஒரு பிள்ளை வந்திருக்கிறாள். வாயே திறக்கிறாள் இல்லை. அவளுக்கும் உன்னைப் போல ஓர் அக்கா வேண்டும். எடுத்துக்கொள்கிறாயா?”

மாட்டேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

“ஓம், மிஸ்,” என்றேன்.